கமலக்கண்ணனின் வார மைலேஜ்

"சார், உங்க வீக்லி மைலேஜ் எவ்ளோ?"

மாதவன் இப்படிக் கேட்டதும் கமலக்கண்ணன் யோசிக்கவே இல்லை. "நாப்பத்தஞ்சு குடுக்கும் தம்பி. டயர்ல காத்து சரியா இருந்தா அம்பதுகூட."

கேன்டீன் மேஜை மொத்தமும் சிரித்தது. டீ ஊற்றுகிறவர்கூடச் சிரித்தார். மாதவன் கேட்டது பைக்கைப் பற்றி இல்லை, காலைப் பற்றி. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். அவன் டிசைன் செக்ஷன் இன்ஜினியர். ஓடி ஓடி வாங்கிய டி-சர்ட்டே ஒரு பீரோ நிறைய வைத்திருப்பவன். மத்திகிரி மாட்டுப்பண்ணைச் சுவரோரம் கமலக்கண்ணன் ஓடுவதைக் கார் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, ஓட்டக்காரனுக்கு ஓட்டக்காரன் என்ற பாசத்தில்தான் கேட்டான்.

ஆனால் கமலக்கண்ணனுக்கு அந்தச் சிரிப்பு காதை விட்டு இறங்கவில்லை. தன்னிடம் இல்லாத ஓர் எண்ணை இன்னொருத்தன் கேட்டுவிட்டால் அப்புறம் மனிதனுக்கு நிம்மதி ஏது? ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிற வழியிலேயே முடிவெடுத்துவிட்டார். தனக்கு உரிய சரியான வார மைலேஜைக் கண்டுபிடித்தே தீருவது. அதற்குக் கால் போனாலும் சரி.

நியாயமாகப் பார்த்தால் அவர் ஓட ஆரம்பித்ததே தூங்குவதற்காகத்தான்.

சங்கரன்கோவிலிலிருந்து ஓசூர் வந்த புதிதில், நைட் ஷிப்டுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கமலக்கண்ணன் கையைத் தூக்கினார். இருபத்தைந்து வருஷமாகியும் அந்தக் கை இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் லேத் மெஷின் முன்னால் நிற்கிறவனுக்குப் பகல் ஒரு வாடகை வீடு மாதிரி. அதன் சொந்தக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள். ஒன்பது மணிக்கு வெங்காய ஆட்டோ தமிழில் வரும். கொஞ்ச நேரத்தில் பழைய இரும்பு வாங்குகிறவர் கன்னடத்தில் வருவார். எதிர்வீட்டில் மாமியாரும் மருமகளும் தெலுங்கில் ஆரம்பிப்பார்கள். ஆக, மூன்று மொழிகளில் தூக்கம் கெட்டது. அப்படியே கண் அசந்தாலும் கால்கள் விடாது. போர்வைக்குள் இரண்டும் எங்கேயோ கிளம்பிக்கொண்டே இருக்கும். ஊருக்கா, வேலைக்கா, இல்லை இன்னும் பார்க்காத ஏதோ ஒரு இடத்துக்கா, அவருக்கும் தெரியாது. சரி, இவ்வளவு அவசரப்படுகிற கால்களைக் கூட்டிக்கொண்டுதான் போவோமே என்று ஒரு காலையில் ஓடிப் பார்த்தார். அன்றைக்கு அடித்துப் போட்டது மாதிரித் தூக்கம்.

அதோடு விட்டிருக்கலாம். மாதவன் கேட்டுத் தொலைத்தான்.

கமலக்கண்ணன் அளவுக்காரர். மயிரிழையில் பாதி வித்தியாசம் இருந்தாலும் மெஷினில் கடைந்த ஜாபை ரிஜெக்ட் பெட்டியில் போடுகிறவர். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் ஸ்வாதி பிறந்தநாளுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பியிருந்தாள். அதைக் கட்டிக்கொண்டு ஒரே தூரத்தை மூன்று நாள் ஓடினார். வாட்ச் மூன்று கணக்குச் சொன்னது. அதையும் ரிஜெக்ட் செய்து பீரோவில் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்தார். சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது தரையைத் தொடுகிற ஒவ்வொரு தடவையையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு உருட்டினார். தெருப்பிள்ளைகள் பின்னாலேயே வந்து தப்புத் தப்பாக எண்ணிக் குழப்பியும் அவர் அசரவில்லை. வாசலிலிருந்து அச்சு அசலாக ஆறு கிலோமீட்டர் வரும் கரண்டு கம்பத்தில் மஞ்சள் ரேடியம் டேப்பைச் சுற்றினார். கம்பெனித் தரையில் நடைபாதைக் கோடாக ஒட்டுகிற டேப். ஒட்ட வந்த கான்ட்ராக்டர் மிச்சம் வைத்துவிட்டுப் போன ரோல். போக ஆறு, வர ஆறு. மார்கழிப் பனியில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் நெற்றியில் கட்டிய டார்ச் பட்டதும் அந்த மஞ்சள் மட்டும் பூனைக்கண் மாதிரி மின்னும். தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

"சேட்டிலைட் பொய் சொல்லும். நான் அளந்தது சொல்லாது" என்றார் மனைவியிடம்.

பொற்கொடி அவரை மேலும் கீழும் அளந்து பார்த்தாள். அவளும் அளவுக்காரிதான். காவேரிப்பட்டினத்துக்காரி. கெலமங்கலம் ரோட்டில் ஒரு ரோஜா பண்ணையில் வேலை. அறுத்து வருகிற பூக்களைப் பலகையில் வைத்துக் காம்பின் நீளம் பார்த்துப் பிரிக்க வேண்டும். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து இப்போது பலகையே வேண்டாம், கண்ணே போதும்.

முதலில் வாரம் நாலு நாள் ஓடினார். அப்புறம் ஐந்து. அப்புறம் ஆறு. வாரத்துக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தபோதுதான் பொற்கொடி வாயைத் திறந்தாள்.

"என்னாங்க, முட்டி இட்லி கணக்கா உப்பிக் கெடக்குது?"

"அது சும்மா. பழகிரும்."

"பழகறதுக்கு அது என்னா புது மருமகளா? தூங்குனீங்களா?"

"தூக்கம் வரல."

"ஏன் வரல?"

"ஓட்டம் பத்தல. அடுத்த வாரம் கூட்டணும்."

பொற்கொடி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வாரம் நாலு நாள் ஓடுனப்ப எத்தினி மணி நேரம் தூங்குனீங்க?"

"அஞ்சு இருக்கும்."

"அஞ்சு நாள் ஓடுனப்ப?"

"நாலு."

"இப்ப?"

"ரெண்டு."

"இதுல உங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்களா?"

"நல்லாத் தெரியுது. உடம்பு இன்னும் கேக்குது."

பொற்கொடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்க ஷெட்டுல ரோஜாவ அது இஷ்டத்துக்கு ஓட விட்டா, செடி ஒசரமா போவும், பூவு எலந்தப்பழம் சைஸுக்கு நிக்கும். அளவா நறுக்குனாத்தான் பூவு."

"நான் என்ன ரோஜாவா?"

"இல்லீங்க. முள்ளு மட்டும்தான் இருக்குது."

அந்த வாரமே அது நடந்தது. காலையில் வீட்டுக்கு வந்தவர் வழக்கத்துக்கு மாறாக இடது பக்கம் முகத்தைத் திருப்பியே வைத்துக்கொண்டு காபி குடித்தார். பொற்கொடி சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கன்னத்தில் மெஷின் கதவின் கைப்பிடி அப்படியே பதிந்திருந்தது, திருகாணி உட்பட.

"நின்னுக்கினே தூங்கிட்டீங்களா?"

"ஒரு நிமிஷம் சாஞ்சேன்."

"கதவு மூடி இருந்துச்சா, தொறந்து இருந்துச்சா?"

கமலக்கண்ணன் காபியைப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. அதனால்தான் கன்னத்தில் கைப்பிடி. திறந்திருந்தால் எது எங்கே பதிந்திருக்கும் என்று அவரும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். சூப்பர்வைசர் வேறு, "இன்னொரு தடவை பாத்தேன்னா மெஷின்ல நிக்க விடமாட்டேன்ண்ணே, கேட்டுல உட்கார வெச்சிருவேன்" என்று சொல்லியிருந்தார். அதைக் கமலக்கண்ணன் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, பொற்கொடி அவருடைய பத்து விரல்களையும் ஒரு தடவை பார்த்தாள். பூவை எண்ணுகிற மாதிரி. பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் அழுதிருந்தால்கூட அவர் ஓட்டத்தைக் குறைத்திருப்பார். எழுந்து போனதால் வீம்பு வந்துவிட்டது.

"இந்தா பாரு கொடி. பொங்கல் கழிஞ்சு ஓசூர்ல ஹாஃப் மாரத்தான் நடக்கு. இருபத்தியொரு கிலோமீட்டர். பேரு குடுத்துட்டேன். ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சுக் காட்டுதேன். முடிச்சிட்டா என் மைலேஜ்ல நீ வாய் வைக்கக் கூடாது. அடுத்து பெங்களூர்ல ஃபுல் மாரத்தான்தான்."

"முடிக்கலைன்னா?"

"நீ சொல்லுற தூரந்தான் ஓடுவேன். ஆயுசுக்கும்."

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' வந்தால், இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவன் பயந்திருக்க வேண்டும். கமலக்கண்ணன் பெருமைப்பட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொற்கொடி கூடையை எடுத்துக்கொண்டு, "கங்கப்பன் வூட்டுல கீரை பறிக்கிறாங்களாம், வாங்கியாறேன்" என்று கிளம்பினாள். கங்கப்பன் அதே ரோட்டில் மாடு வைத்திருப்பவர். டிவிஎஸ் வண்டியில் கேன் கட்டி மத்திகிரி முழுக்கப் பால் ஊற்றுகிறவர். அடுத்த ஞாயிறும் கீரை. அதற்கடுத்த ஞாயிறும். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை. கமலக்கண்ணனுக்குத் திங்கட்கிழமை என்றாலே தட்டு பச்சையாகத் தெரிந்தது.

"வாரா வாரம் என்ன கொடி, மாட்டுக்கு வைக்க மாதிரி?"

"ஓடுற ஒடம்புக்கு இரும்புச் சத்து வேணுங்க."

அவளே ஓட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறாள் என்று அவர் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் அதிசயம். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் முட்டி வீக்கம் வடிந்தது. மார்கழி பாதியில் ஒரு நாள் வெங்காய ஆட்டோ வந்து போனதே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் எதிர்வீட்டுச் சண்டையின் முடிவைப் பொற்கொடி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். போர்வைக்குள் கால்கள் அக்கடா என்று கிடந்தன. எல்லாவற்றையும்விட ஆச்சரியம் வேகம். முன்பெல்லாம் நாக்குத் தள்ளி வீட்டுக்கு வருவதற்குள் பொற்கொடியின் பண்ணை வேன் போயிருக்கும். இப்போது அவள் தலை பின்னுவதற்குள்ளேயே வந்து நின்றார்.

ஒரே ஒரு தடவை மட்டும் சந்தேகம் வந்தது. முன்பு திரும்புகிற இடத்துக்குச் சற்று முன்னால் மல்பெரித் தோட்டம் ஒன்று வரும். பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கிற பெண்கள் பனியில் முக்காடு போட்டு நிற்பார்கள். கொஞ்ச நாளாக அதைக் காணோம். ஓடிக்கொண்டே யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது? ஓசூர்ப் பக்கம் ஒரு தோட்டம் காணாமல் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். லேஅவுட் போட்டிருப்பார்கள். 'பாவம், விவசாயம் அழியுது' என்று வருத்தப்பட்டுக்கொண்டே மஞ்சள் டேப்பைத் தொட்டுத் திரும்பினார்.

கேன்டீனில் அவர் இருக்கை உயர்ந்துவிட்டது. யாராவது சும்மா கொட்டாவி விட்டால்கூட, "வாரம் எழுபத்திரண்டு ஓடிப் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

"பன்னெண்டு கிலோமீட்டர் ஓடிட்டு வந்து வேர்க்கவே இல்லையா சார்?" என்றான் மாதவன், வடையைக் கடிக்க மறந்து.

"தம்பி, எல்லாருக்கும் ஒரு நம்பர் இருக்கு. அறுபதுல என் முட்டி வீங்குச்சு. எழுபத்திரண்டுல வடிஞ்சிட்டு. நடுவுல பயந்து நின்னவன் செத்தான். உடம்பு மொதல்ல மறுக்கும், அப்புறம் கும்பிடும்."

மாதவன் அடுத்த வாரமே தன்னுடையதை எண்பதாக்கிக்கொண்டு, அதற்கடுத்த வாரம் நொண்டிக்கொண்டு வந்தான். "உனக்குப் பத்தல" என்றார் கமலக்கண்ணன்.

போட்டி நாள் வந்தது. காலைப் பனியில் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு ஐந்நூறு பேர் நின்றார்கள். கமலக்கண்ணன் முன்வரிசை. விசில் ஊதியதும் வழக்கமான வேகத்தில் புறப்பட்டார். காற்றும் காலும் அவர் சொன்னபடி கேட்டன. ஆனால் முதல் கிலோமீட்டர் போர்டு வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. ஓடினார். வரவில்லை. இன்னும் ஓடினார். அப்புறம்தான் சாவகாசமாக வந்தது, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு காலேஜ் பெண்.

கமலக்கண்ணன் பிரேக் போட்டார். "இந்தப் போர்டை யாரும்மா நட்டது?"

"அண்ணா, தண்ணி வேணுமா?"

"தண்ணி கெடக்கட்டும். இது ஒரு கிலோமீட்டர் இல்ல. ஒண்ணே முக்காலாவது இருக்கும். அளந்தது யாரு?"

"அண்ணா, எல்லாரும் போறாங்கண்ணா."

இரண்டாவது போர்டிலும் நின்று கேட்டார். மூன்றாவதில் கை நீட்டித் திட்டினார். நாலாவதில் நின்ற பையன் இவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் போர்டை அப்படியே விட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் போனான். ஊரே சேர்ந்து கிலோமீட்டரை நீட்டிவிட்டது. ஆனாலும் கால்கள் சளைக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து உந்த, கடைசி ஏற்றத்தில் மாதவனை, பாவம், நடந்துகொண்டிருந்தவனை, தாண்டி ஓடி, கடிகாரம் இரண்டு மணி நேரத்தைத் தொட ஒரு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது கோட்டைக் கடந்தார்.

வீட்டு வாசலிலேயே மெடலைத் தூக்கிக் காட்டினார். "என்ன சொல்லுதே இப்ப?"

"சந்தோசங்க" என்றாள் பொற்கொடி. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தாள். மெடலைத் துடைத்துச் சாமி படத்தில் மாட்டினாள்.

"இதையும் ஒழுங்கா அளந்திருந்தான்னா ஒண்ணே கால் மணி நேரத்துல முடிச்சிருப்பேன். அத்தன கிலோமீட்டரும் நீளம். விடமாட்டேன். நாளைக்குக் காலையில சைக்கிள எடுத்துட்டுப் போயி நம்ம ரோட்டை மறுபடியும் அளந்து, நிஜக் கிலோமீட்டர் எதுன்னு வீடியோ எடுத்து அனுப்பப் போறேன்."

பொற்கொடியின் கை மெடலில் ஒரு நொடி நின்றது. "நாளைக்கேவா?"

"நாளைக்கேதான்."

"அளங்க, தாராளமா. இப்ப படுங்க."

கமலக்கண்ணன் படுத்தார். சாயங்காலம் கங்கப்பனின் டிவிஎஸ் வந்து வாசலில் நின்றதோ, "அக்கா, டேப்பு பத்துமா?" என்று அவர் கேட்டதோ, பொற்கொடி கீரைக்கூடையோடு பின்னால் ஏறிக்கொண்டதோ எதுவும் அவர் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் சைக்கிள் சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு புறப்பட்டார். எண்ணிக்கொண்டே உருட்டினார். மாட்டுப்பண்ணைச் சுவர் முடிந்தது. வீடுகள் முடிந்தன. பனிக்குள் ஒரு மஞ்சள் மின்னியது.

அதற்குள்ளாகவா? நின்றார். இது ஆறு கிலோமீட்டர் இல்லையே. பக்கத்திலும் இல்லையே. எண்ணிக்கையைத் தவறவிட்டோமோ என்று நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கம்பத்திலும் மஞ்சள். அதற்கடுத்ததிலும். சைக்கிளில் ஏறி மிதித்தார். பனி விலக விலக, ரோட்டின் இடது பக்கம் நின்ற கரண்டு கம்பம் அத்தனையும், நலங்குக்கு உட்கார்ந்த பெண்கள் மாதிரி வரிசையாக மஞ்சள் பூசிக்கொண்டு நின்றன. மஞ்சளைத் துரத்திக்கொண்டே போனவர் கடைசியில் மல்பெரித் தோட்டத்தில் போய் நின்றார். லேஅவுட் எதுவும் போடவில்லை. தோட்டம் வைத்த இடத்திலேயே பச்சைப்பசேலென்று இருந்தது. இலை பறிக்கிற பெண்கள், "ரொம்ப நாளா ஆளையே காணோமே" என்று விசாரித்தார்கள்.

எதிரே பால் கேனோடு கங்கப்பன் வந்தார். இவரைப் பார்த்ததும் வண்டியை மெதுவாகத் திருப்பப் பார்த்தார். கமலக்கண்ணன் சைக்கிளைக் குறுக்கே போட்டார்.

"கங்கப்பா, என்ன இது?"

"ஏன் மாடோது சார், என்னா செய்யறது" என்று கன்னடத்தில் ஆரம்பித்துப் பெருமூச்சு விட்டார் கங்கப்பன். "அக்கா கேட்டாங்க. வண்டி ஓட்டுனேன். அவ்ளோதான் நான்."

"என்ன கேட்டா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும் உங்க ஸ்டிக்கரைப் பிச்சி நாலஞ்சி கம்பம் இந்தாண்ட ஒட்டுவாங்க. நீங்க தெனம் ஓடுனீங்க சார், அது வாரத்துக்கு ஒரு தபா ஓடுச்சி. நேத்து வந்து, எந்தக் கம்பம்னு அவருக்குத் தெரியக் கூடாது, எல்லாத்துலயும் ஒட்டிடு கங்கப்பான்னாங்க. கை நோவுது சார்."

"அப்ப கீரை?"

"அது என் பக்கத்துலருந்து சும்மா. எங்க வூட்டுல மாடுகூடத் திங்கறதில்ல அத்தன கீரை."

கமலக்கண்ணன் வீட்டுக்கு வந்த வேகத்துக்குத் தனியாக ஒரு மெடல் கொடுத்திருக்கலாம். பொற்கொடி வேனுக்குத் தயாராகி, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே, "கங்கப்பன் சொல்லிட்டாரா? ரெண்டு நாளாவது தாங்குவார்னு நெனச்சேன்" என்றாள்.

"என்னை ஏமாத்திட்டியே கொடி!"

"ஆமாங்க."

ஒப்புக்கொண்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது? கமலக்கண்ணன் தடுமாறினார். "கேன்டீன்ல என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? எழுபத்திரண்டு! எழுபத்திரண்டு! மாதவன் நொண்டுதான் என்னால!"

"அவருக்கும் ஒரு கம்பம் பாத்துரலாம்."

"வெளையாடாத. பந்தயம் என்ன? நான் ரெண்டு மணி நேரத்துல முடிச்சா, என் மைலேஜ்ல நீ வாய் வைக்கக் கூடாது."

"வாய் வெக்கலீங்களே. கைதான் வெச்சேன்."

கமலக்கண்ணன் சாமி படத்தில் தொங்கிய மெடலைத் திரும்பிப் பார்த்தார்.

"குறைங்கன்னு சொன்னா கேப்பீங்களா?" பொற்கொடி டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு வாரமும் நாலு கம்பம் நறுக்கிப் பாத்தேன். தூங்கறீங்களான்னு பாத்தேன். முட்டியைப் பாத்தேன். இன்னும் நாலு. இன்னும் நாலு. ஒரு நாளு வேலையிலிருந்து வந்து பாக்கறேன், வாயப் பொளந்துக்கினு கொறட்டை வுடறீங்க. மேல ஃபேனே ஆடுது. சரி, இதான் அளவுன்னு அதோட நிறுத்திட்டேன். மெஷினாண்ட நிக்கற மனுசன் எனக்கு பத்து வெரலோட வேணுங்க. மெடலு வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. கமலக்கண்ணன் தன் பத்து விரல்களையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அளவுக்காரர் ஆயிற்றே, அதையும் மீறி ஒன்று அரித்தது.

"சரி. அது போகட்டும். எத்தன?"

"என்னா எத்தன?"

"வாரத்துக்கு உண்மையிலேயே எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்கேன்? என்னோட நிஜ நம்பர் என்ன?"

"சொல்ல மாட்டேங்க."

"ஏன்?"

"சொன்னா அடுத்த வாரமே அதுல அஞ்சைக் கூட்டுவீங்க."

வேன் போய்விட்டது. கமலக்கண்ணன் கூடத்தில் கொஞ்ச நேரம் நடந்தார். இன்றைக்குத் தூக்கம் வரப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. படுத்து, எந்த வாரம் எந்தக் கம்பத்தில் ஒட்டியிருப்பாள் என்று கீரையை வைத்துக் கணக்குப் போட்டார். அரைக்கீரை வந்த வாரம் நாலு கம்பம். சிறுகீரை வந்த வாரம் ஐந்தென்று வைத்துக்கொண்டால்... தண்டுக்கீரை இரண்டு வாரம் வந்ததா, மூன்று வாரமா...

பொற்கொடி வந்து எழுப்பியபோது சாயங்காலம் விளக்கு வைத்தாகிவிட்டது. வெங்காய ஆட்டோ, பழைய இரும்பு, எதிர்வீடு, எதுவுமே வந்த மாதிரித் தெரியவில்லை. கணக்கு தண்டுக்கீரையிலேயே நின்றிருந்தது.

ராத்திரி வேலைக்குச் சட்டை மாட்டினார். சாப்பிட்டார். கீரை இல்லை, கத்திரிக்காய். டிபன் பாக்ஸைப் பையில் வைத்து, பைக்கை வெளியே தள்ளி, ஹெல்மெட்டை மாட்டி, ஸ்டார்ட் பண்ணினார். அப்புறம் அணைத்தார். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாசலில் நின்றவளிடம் மெதுவாகக் கேட்டார்:

"நாளைக்கு எந்தக் கம்பத்துல திரும்பணும்?"